உப்புநீரில் எரியும் விளக்கு: முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கு

வணக்கம். ஏறி நின்று பார்க்க மலையில்லாத நிலம், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி. இங்கே ஓர் ஊரை முழுதாகப் பார்க்கக் குளக்கட்டில்தான் ஏற வேண்டும். ஒருபுறம் நீர், மறுபுறம் வயல், அதற்கப்பால் காடு. இந்த ஊர்களின் மரபை அறிய விரும்புவோர் வைகாசியில், மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலுள்ள முள்ளியவளைக்கு வாருங்கள்.

(காட்சி: காட்டா விநாயகர் ஆலயம், அந்திப்பொழுது)

அருகிலுள்ள வற்றாப்பளை ஊரின் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கல் வைகாசி மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் நடக்கிறது. அன்று மட்டும் வருபவர் பெருங்கூட்டத்தையே காண்பார். ஒரு கிழமை முந்தி வருபவரோ, முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீர் காட்டா விநாயகர் ஆலயத்துக்கு வந்து சேர்வதையும், அந்த உப்புநீரிலேயே விளக்கேற்றப்படுவதையும், பொங்கலன்று மடைப்பண்டங்கள், அதாவது அம்மனுக்குப் படைக்கும் பொருட்கள், அங்கிருந்து வற்றாப்பளைக்குப் புறப்படுவதையும் காண்பார்.

(காட்சி: விளக்கு, மிக அருகில்)

எண்ணெய் இல்லை. பாத்திரத்தில் கடல்நீர், அதில் திரி, அதன் நுனியில் சுடர்.

இதன் காரணத்தை ஊரின் முதியவர் ஒருவரிடமே கேளுங்கள். "ஆச்சி, அம்மாளாச்சி இஞ்ச எப்பிடி வந்தவ?" என்றால் போதும். மதுரையை எரித்த கண்ணகை ஈழத்துக்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளையாகி வற்றாப்பளையாயிற்று என்பது ஐதீகம். நந்திக்கடல் என்னும் களப்பின் ஓரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் மூதாட்டியாக வந்து உணவு கேட்டாள்; அவர்கள் பொங்கிப் படைத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லையென்று அவர்கள் சொன்னபோது, கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள். அவளுடைய தலையைப் பார்த்த சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். அரசரோ குருமாரோ அல்லாமல், மாட்டுக்காரப் பிள்ளைகளே முதற் பொங்கலைப் படைத்தார்கள் என்பதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் பெரிதாகப்படுகிறது.

இதே கண்ணகையின் கதையை முள்ளியவளையார் கோவலன் கூத்தாகவும் ஆடுகிறார்கள். அதன் ஆட்டமும் பாட்டும் முல்லைமோடி என்னும் தனிமரபைச் சேர்ந்தவை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தால், ஒளிப்பதிவுக் கருவியை இறக்கி வைத்துவிட்டு முதலில் கேளுங்கள்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது இதே நந்திக்கடலின் கரையில். அந்த வைகாசியில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்து அவர்கள் மறுபடியும் கடலுக்குப் போய் எடுத்துவந்த நீர்தான், நீங்கள் இப்போது திரையில் பார்ப்பது.

(காட்சி: மடைப்பண்டங்களோடு வற்றாப்பளை நோக்கி நடக்கும் மக்கள்)