சோற்றைப் பிசையட்டும், விடுங்கள்

(அங்கன்வாடி பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

அம்மாக்களே, அப்பாக்களே, தாத்தா பாட்டிமார்களே, வணக்கம். பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்: பிள்ளைகள் தொட்டும் பிசைந்தும் பழகுவது ஏன் முக்கியம் என்பதுதான் பேச்சு.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுகிறோம்? எதிரே செல்போன், அதில் பொம்மைப் படம். வாய் தானாகத் திறக்கிறது, கிண்ணம் காலி. சட்டையில் ஒரு பருக்கை இல்லை. நமக்கு நிம்மதி. ஆனால் சோறு சூடா ஆறியதா, குழைந்ததா விறைத்ததா, ரசத்துக்கு வாசனை உண்டா, எதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

நீங்கள் இரண்டு வாய் ஊட்டுங்கள், நடுவில் அது பிசையட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைப் பொறுக்குகிறதே, நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவது அந்த விரல்கள்தான். "எல்.கே.ஜி.யிலேயே எழுதணுமே" என்கிறீர்கள். மாவு பிசைந்து, பட்டாணி உரித்து, துணி பிழிந்து பழகாத விரல் நாலு வரியில் வலிக்கும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் பிள்ளை முதலில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும். நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில்தானே எழுதினார்கள்? இப்போது விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுதவைத்துப் படம் எடுக்கிறோம். மறுநாள் அரிசி டப்பாவுக்குப் போய்விடுகிறது. இன்னும் ஒரு வாரம் வெளியே இருந்தால் என்ன கெட்டுவிடும்?

ஐம்புலன் என்கிறோம், இன்னும் இரண்டு உண்டு. தூளியில் ஆடும்போது உள்காது சமநிலையைப் பழகுகிறது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது தசையும் மூட்டும் கனத்தை அளக்கின்றன. இதற்கென்று விலை போட்டு விற்கும் விளையாட்டுப் பெட்டிகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. புளியங்கொட்டை, பாசிமணி மாதிரிச் சின்னச் சாமான் மூன்று வயது வரை கையில் கூடாது, முழு நிலக்கடலை ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். தண்ணீர் விளையாட்டென்றால் அரை வாளியானாலும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சில பிள்ளைகள் மணலைத் தொட்டாலே அலறும், மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தும். வற்புறுத்தாதீர்கள். கரண்டியால் கிளறத் தொடங்கட்டும். மாதக்கணக்கில் மாறவில்லை, பேச்சும் வரவில்லை என்றால், "வளர்ந்தா சரியாயிடும்" என்று உட்கார்ந்துவிடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கவனிக்கும், குழந்தைகளுக்கான இடையீட்டு மையத்தை விசாரித்துக் காட்டுங்கள்.

வாசலில் ஒரு தொட்டியில் மணலும் அன்னக்கூடையில் தண்ணீரும் வைத்திருக்கிறோம். நல்ல சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். கேள்விகளை அங்கேயே நின்று பேசிக்கொள்வோம்.