சட்டையில் ஒட்டியிருந்த யுரேனியம்: சதாமின் அணு உலை அழிந்த பிறகு நடந்தது என்ன?

[திரையில்: பாக்தாத் அருகே துவைதா அணு ஆய்வு வளாகத்தின் வான்படம்]

வணக்கம் நண்பர்களே. 1990இல் குவைத்தை ஆக்கிரமித்த சதாம் உசேன், வெளிநாட்டவர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து, எதிரி குண்டு வீசக்கூடும் என்று அஞ்சிய இடங்களில் கேடயமாக உட்கார வைத்தார். அவர்களில் சிலர் அடைக்கப்பட்டிருந்த இடம் துவைதா. விடுதலையாகி வந்தவர்களின் உடைகளை ஆய்வகத்தில் சோதித்தார்கள். நூலிழைகளுக்கு நடுவே செறிவூட்டப்பட்ட யுரேனியத் துகள்கள்!

துவைதாவில் இருந்த பெரிய அணு உலையை இஸ்ரேல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே குண்டு வீசித் தகர்த்துவிட்டது. "ஈராக்கின் அணுகுண்டுக் கனவு முடிந்தது" என்று உலகம் அந்தக் கோப்பை மூடிவிட்டது. அப்படியானால் இந்தத் துகள்கள் எங்கிருந்து வந்தன? இன்றைய வீடியோ முழுவதும் இந்தக் கேள்விக்காகத்தான்.

[திரையில்: 1981, ஜூன் 7]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் ஈராக்குக்கு 40 மெகாவாட் ஆய்வு உலை ஒன்றை விற்றது. பெயர் ஒசிராக். ஆராய்ச்சிக்காக என்றது ஈராக். குண்டுக்காக என்றது இஸ்ரேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சினாய் பாலைவனத்தின் எட்சியோன் தளத்திலிருந்து எட்டு எஃப்-16 விமானங்கள் கிளம்பின. காவலுக்கு ஆறு எஃப்-15கள். ரேடாருக்குத் தப்ப, தரையை உரசுவதுபோலத் தாழப் பறந்தன. அகபாவில் விடுமுறையில் இருந்த ஜோர்டான் மன்னர் உசேன், தலைக்கு மேலே அவை போவதைப் பார்த்து எச்சரிக்கை அனுப்பச் சொன்னாராம். செய்தி பாக்தாத் போய்ச் சேரவில்லை என்று சொல்வார்கள். தாக்குதல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பத்து ஈராக்கிய வீரர்களும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தார்கள். விமானம் ஒன்றுகூட வீழவில்லை. விமானிகளில் மிக இளையவரான இலான் ரமோன் பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரரானார். 2003இல் கொலம்பியா விண்கலத்தில், நம் இந்திய வம்சாவளி கல்பனா சாவ்லாவோடு சேர்ந்து உயிரிழந்தார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எஃப்-16கள் முதலில் ஈரானுக்காக ஒதுக்கப்பட்டவை. 1979 புரட்சிக்குப் பிறகு இஸ்ரேலுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதுமட்டுமல்ல, துவைதாவின் மீது முதலில் குண்டு வீசிய நாடும் ஈரான்தான். 1980 செப்டம்பர் 30இல், ஈரான்-ஈராக் போர் தொடங்கிச் சில நாட்களிலேயே. அணு உலை ஒன்றை வானிலிருந்து தாக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே ஈரான் என்பதை இன்று யாரும் பேசுவதில்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 487ஆம் தீர்மானத்தால் இஸ்ரேலை ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கை தூக்கியது. அதே மாதக் கடைசியில் நடந்த தேர்தலில் பிரதமர் மெனகம் பெகின் வென்றார். பின்னணி இவ்வளவுதான்.

[திரையில்: சிறைக் கதவு]

இப்போது எல்லோரும் தாண்டிப் போகும் பகுதிக்கு வருகிறேன். ஈராக்கின் அணு விஞ்ஞானிகளில் இருவர் அப்போது காவலில் இருந்தார்கள். ஒருவர் உசைன் அல்-ஷாரிஸ்தானி. குண்டு செய்ய மறுத்தவர், சித்திரவதைப்பட்டவர், 1991 போர்க் குழப்பத்தில் சிறையிலிருந்து தப்பியவர், பின்னாளில் ஈராக்கின் எண்ணெய்த் துறை அமைச்சர். மற்றவர் ஜாஃபர் தியா ஜாஃபர். ஷாரிஸ்தானிக்காகக் குரல் கொடுத்ததால் பிடிபட்டவர். உலை தகர்ந்து சில மாதங்களில் ஜாஃபரை சதாம் வெளியே கொண்டுவந்தார். அவருக்குத் தரப்பட்ட வேலை, யுரேனியத்தைச் செறிவூட்டுவது. இந்த முறை பிரான்சிடம் எதுவும் வாங்கப்போவதில்லை. வெளிநாட்டுப் பொறியாளர்கள் இல்லை, வானிலிருந்து தெரியும் கோபுரம் இல்லை. சில நூறு பேர் இருந்த திட்டம் பல ஆயிரம் பேராக வளர்ந்தது.

அவர் முதன்மையாகத் தேர்ந்தெடுத்த வழி கலுட்ரான். இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

[திரையில்: கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவு]

யுரேனியத்தில் குண்டுக்குத் தேவையானது 235 என்ற வகை. இயற்கையில் அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் 238. 235இன் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். இரண்டுக்கும் வேதியியலில் வேறுபாடு கிடையாது, எடையில் மட்டும் சிறு வித்தியாசம். கொல்லிமலை வளைவில் இரண்டு லாரிகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 238 மூட்டை, மற்றதில் 235 மூட்டை. இரண்டையும் ஒரே விசையோடு வளைவுக்குள் இழுத்தால், பாரம் குறைந்த லாரி சற்று உள்ளடங்கித் திரும்பும். கனத்தது சற்று வெளியே ஒதுங்கும். கலுட்ரானில் வளைத்து இழுப்பது ராட்சத மின்காந்தம். யுரேனிய அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து வெற்றிடத்தில் பாய்ச்சுவார்கள். அரைவட்டம் அடித்து வரும்போது 235 ஒரு பெட்டியிலும் 238 பக்கத்துப் பெட்டியிலும் விழும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஓக் ரிட்ஜில் இப்படி 1,152 கலுட்ரான்களை ஓட்டியது. காந்தச் சுருளுக்குப் போதுமான செம்பு கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் அதிகமான வெள்ளியைக் கடனாக வாங்கிக் கம்பியாக இழுத்துச் சுற்றினார்கள்! அதில் கடைசிப் பகுதி 1970இல்தான் கருவூலத்துக்குத் திரும்பியது. ஹிரோஷிமா குண்டின் யுரேனியம் இந்த இயந்திரங்களின் வழியாக வந்ததுதான்.

போர் முடிந்ததும், மின்சாரத்தை விழுங்கும் பழைய முறை என்று அமெரிக்கா இதைக் கைவிட்டது. விவரங்களில் பெரும்பகுதி ரகசியப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. காலாவதியானதை யார் செய்யப்போகிறார்கள் என்று யாரும் கண்காணிக்கவில்லை. ஜாஃபர் செய்தார். துவைதாவில் சோதனை, பிறகு தர்மியாவில் பெரிய ஆலை. பிணைக்கைதிகளின் உடையில் ஒட்டிய துகள்கள் அந்தத் துவைதா சோதனையிலிருந்து வந்தவைதான்.

1991 வளைகுடாப் போரில் வாரக்கணக்கில் குண்டு மழை பொழிந்த அமெரிக்க விமானப் படைக்கு, தர்மியாவில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. போருக்குப் பிறகுதான் ஐ.நா. ஆய்வாளர்கள் போனார்கள். ஜூன் 28 அன்று ஃபலூஜா ராணுவ முகாமின் வாசலில் அவர்களைத் தடுத்தார்கள். உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் ஓர் ஆய்வாளர் ஏறிப் பார்த்தால், பின்வாசல் வழியாக லாரிகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன! துரத்திப் போனவர்களின் தலைக்கு மேலே ஈராக்கியக் காவலர்கள் சுட்டார்கள். ஆய்வாளர்கள் படமெடுப்பதை நிறுத்தவில்லை. லாரிகளில் இருந்தவை கலுட்ரான் பாகங்கள். அடுத்த மாதம் ஈராக் செறிவூட்டலை ஒப்புக்கொண்டது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: அதுவரை ஒரு குண்டுக்குத் தேவையான யுரேனியம் அங்கே சேர்ந்திருக்கவில்லை, வெகு தூரத்தில் இருந்தார்கள். ஆனால் பாதை திறந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. 1981 தாக்குதலால் தங்கள் வேலை எளிதாயிற்று என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி அந்தத் தாக்குதலின்போது தளபதியாக இருந்த இஸ்ரேலிய அதிகாரிக்கு 1991இல் நன்றி எழுதிக் கையெழுத்திட்டார். உலை நின்றிருந்தால் குண்டுக்கு உதவும் இன்னொரு பொருளான புளூட்டோனியம் வந்திருக்கும் என்பது தாக்குதலை ஆதரிப்பவர்களின் வாதம். இருக்கலாம். ஆனால் அந்த உலையில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் இருந்தார்கள், சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்துபோனார்கள். தகர்ந்தது நாம் பார்த்துக்கொண்டிருந்த திட்டம். வளர்ந்தது பார்க்க முடியாத திட்டம். என் முடிவு, தாக்குதல் ஈராக்கை விரைவுபடுத்தியது என்பதே.

சிரியா என் முடிவுக்கு எதிராக நிற்கிறது. 2007 செப்டம்பர் 6இல் அல் கிபார் உலையை இஸ்ரேல் தகர்த்தது. 2018 வரை வாய் திறக்கவில்லை, அப்போதைய சிரிய அதிபர் அசாதும் பழி வாங்கவில்லை. திட்டம் அதோடு செத்தது. பிற்பாடு அந்தப் பகுதி ஐ.எஸ். கையில் விழுந்தது என்பதை நினைத்தால் எனக்கே நடுங்குகிறது. ஆனால் அந்த உலை வட கொரியாவின் துணையோடு எழுந்தது. சிரியாவில் ஒரு ஜாஃபர் இல்லை.

ஈரானில் ஜாஃபர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒசிராக் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர்கள் கோம் நகருக்கு அருகே ஒரு மலைக்குள் குடைந்து வைத்தார்கள், அதுதான் ஃபோர்டோ செறிவூட்டல் நிலையம். 2025 ஜூன் 22இல் அமெரிக்காவின் ஏழு பி-2 விமானங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13.6 டன் எடையுள்ள 14 குண்டுகளை ஃபோர்டோவிலும் இன்னொரு செறிவூட்டல் நிலையமான நடான்சிலும் போட்டன. தாக்குதல்களுக்கு முன் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 440.9 கிலோ அந்நாட்டில் இருந்ததாக முகமை கணக்கிட்டிருந்தது. அடுத்த மாதமே ஈரான் முகமையோடு ஒத்துழைப்பதை நிறுத்தியது; ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். அந்த 440.9 கிலோவைக் கண்ணால் பார்த்து எண்ணிச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

சிரியாவை வைத்து என்னோடு வாதாட விரும்புபவர்கள் கருத்துப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். அடுத்த வீடியோ நம் பக்கத்துக் கதை: 1988 டிசம்பர் 31இல் ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் கண்ட ஒப்பந்தப்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவரிடம் ஒருவர் கொடுத்துக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை அதில் பார்ப்போம்.