"கோப்பி ஓ" என் மகன் பெயர் இல்லை

வணக்கம் மக்களே. இந்த வாரம் மீன்தலைக் கறி போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். தலை வாங்கி ஃப்ரிட்ஜில் கிடக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசுக்குள் ஒன்று உருண்டுகொண்டே இருக்கிறது. அதைக் கொட்டித் தீர்த்தால்தான் அடுப்புப் பக்கம் போக முடியும்.

ஞாயிறு காலை வழக்கம்போல மாமனார் வீட்டு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மாமனார், அதாவது பிள்ளைகளின் ஆ கோங், "கோப்பி ஓ!" என்று கடைக்காரருக்கு ஒரு குரல் கொடுத்தார். பக்கத்து மேசைக்கடியில் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் சின்னவன், மூன்று வயது, காரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். தாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். தன்னைத்தான் கூப்பிட்டார் என்று நினைத்துவிட்டான்.

ஏனென்றால் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அவர் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நான் தமிழ், கணவர் சீனர், இருவரும் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெரியவளுக்கு ஆறு வயது. அப்பா நிறம், அப்பா கண், வழுக்கிக்கொண்டு போகும் நேர்முடி. சின்னவன் என் நிறம், என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்லலாம். ஹொக்கியென் என்ற சீனக் கிளைமொழியில் ஓ என்றால் கறுப்பு. பால் ஊற்றாத காப்பிதான் கோப்பி ஓ.

அவர் பாசமில்லாதவர் இல்லை. போன வருடம் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடியத் தோளில் போட்டு நடந்தது நானோ என் கணவரோ இல்லை, அவர்தான். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. "பா, இனிமேல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். தினமும் காலையில் தான் ஆசையாகக் குடிப்பதைத்தானே பேரனுக்குப் பெயராக வைத்தேன், அதில் என்ன குறை என்று கேட்டார். "அப்படியென்றால் பெரியவளுக்கு ஏன் பால் காப்பி என்று பெயர் வைக்கவில்லை?" என்றேன்.

பதில் வரவில்லை. கோப்பையைக் கையில் எடுத்தவர் குடிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருத்துப் பகுதியில் "சீனர்கள் இப்படித்தான்" என்று எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். என் அம்மா பக்கம் இதைவிடக் கதை இருக்கிறது. அம்மா பெரியவளை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குக் கூட்டிப் போனால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் நிறுத்திக் காட்டுவார். "பாத்தீங்களா, பொம்மை மாதிரி, என்ன கலரு!" சின்னவனைப் பற்றி யாராவது கேட்டால் "அவன் அப்படியே நம்ம பக்கம்" என்பார். அந்த "நம்ம பக்கம்" சொல்லும்போது குரல் இறங்கும். எனக்கு அது காதில் ஈயம் ஊற்றின மாதிரி இருக்கும். சின்னவயதில் எனக்குப் பூசிய அதே கடலைமாவு டப்பாவை இப்போது அவனுக்கும் எடுத்துவிட்டார். கடலைமாவு எனக்குப் பிடிக்கும், பஜ்ஜியில். பிள்ளை முகத்தில் பிடிக்காது.

2008இல் பராக் ஒபாமா பிலடெல்பியாவில் ஓர் உரை ஆற்றினார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டி தன்மேல் உயிரையே வைத்திருந்தவர், ஆனாலும் தெருவில் கறுப்பின ஆண்கள் கடந்து போனால் பயப்படுவார், நிறம் பற்றித் தன்னைக் கூசவைக்கும் பேச்சும் பேசுவார் என்று சொன்னார். அந்தப் பாட்டியைத் தன்னால் ஒதுக்கிவிட முடியாது என்றும் சொன்னார். என்னாலும் முடியாது. ஆனால் பாசம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பேச்சையும் சேர்த்து விழுங்கச் சொன்னால், அதை விழுங்கப் போவது நான் இல்லை, என் மகன்.

அட, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கோடு! பெரியவள் பிறந்தபோது அந்த ஒரு சின்னக் கோட்டுக்காக இரண்டு வீடும் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்று இரண்டு பாட்டிகளும் போட்ட பத்தியச் சண்டையை முன்பே சொல்லியிருக்கிறேன். இது அதற்கு அடுத்த சண்டை. 2011 ஜனவரியிலிருந்து இங்கே கலப்பினப் பிள்ளைகளுக்கு இரண்டு இனத்தையும் நடுவில் கோடு போட்டுப் பதியலாம். சீனர்-இந்தியரா, இந்தியர்-சீனரா என்பதுதான் கேள்வி. மாமியாருக்கு இந்த விவரமெல்லாம் அத்துப்படி. 1989இலிருந்து வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழக, வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் இந்த இனத்தவர் இத்தனை விழுக்காடு என்று வரம்பு உண்டு, அதற்குக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனம்தான் கணக்கு. "முன்னால் இருப்பதுதான் நிஜம், பின்னால் இருப்பது அலங்காரம்" என்றார். அம்மாவுக்கு அந்த "அலங்காரம்" பொறுக்கவில்லை. கடைசியில் பெரியவளுக்குச் சீனர் முன்னால், சின்னவனுக்கு இந்தியர் முன்னால் என்று பதிந்தோம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், காகிதத்தில் வேறு வேறு வரிசை. இரண்டு வீட்டையும் சமாளித்துவிட்டோம் என்று அன்று நிம்மதியாக இருந்தது. இன்று நினைத்தால் அது தப்பு என்று தோன்றுகிறது. அக்கா அவர்கள் பக்கம், தம்பி நம்ம பக்கம் என்று நாங்களே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு திருமணம் இப்படிக் கலந்த திருமணம்தான். எத்தனை வீட்டில் இந்தப் பங்கு பிரிப்பு நடக்கிறதோ!

சரி, இனி நல்ல விஷயம். இது நடந்தது அந்தக் காப்பிக்கடை ஞாயிறுக்கு முந்தின வாரம், சித்தி மகள் கல்யாணத்துக்குப் பூ வாங்கப் போனபோது. மல்லிகை முழம் ஆறு வெள்ளி! நான் ஐந்துக்குக் கேட்டேன், பூக்காரம்மா அசையவில்லை. இரண்டு முழம் எடுத்தால் பதினொன்று என்று அம்மா பேசி முடித்தார். அந்த ஒரு வெள்ளிக்காக எனக்கு இன்னும் சந்தோஷம். அங்கேயே பெரியவளை நிற்கவைத்து அம்மா பூ வைத்தார். அவள் முடியில் பூ நிற்காது, வைத்தால் சறுக்கும், வைத்தால் சறுக்கும். அம்மா பல்லில் ஒரு கொண்டை ஊசி, கையில் ஒரு கொண்டை ஊசி என்று போராடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் கேட்டார்: "யாரு வீட்டுப் பிள்ளைம்மா இது? பாத்துக்கிறீங்களா?"

அம்மா ஊசியைப் பல்லிலிருந்து எடுத்தார். "என் வயித்துப் பிள்ளை பெத்த பிள்ளை. மூஞ்சியப் பாத்தா வீடு தேடுவீங்க?" அதோடு விடவில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், அடுத்த வீட்டில் இருந்த அக்காவைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் வறுமை தாங்காத சீனக் குடும்பங்கள் பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தது இங்கேயும் மலாயாவிலும் நிறைய நடந்தது. அந்த அக்காவும் அப்படி வந்தவர்தான். மஞ்சள் பூசி, சேலை கட்டி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர். "அவங்களை விடவா நீங்களும் நானும் தமிழு?" என்றார். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூடவே கோபமும் வந்தது. பேத்திக்காக இப்படி எழுந்து நிற்கத் தெரிந்தவருக்கு, பேரனைக் கருப்பு என்று தானே குறைத்துப் பேசுவது ஏன் உறைக்கவில்லை? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உன்னை அந்த நிறத்த வச்சு எவ்ளோ பேசினாங்க தெரியுமா? அவனுக்கும் அது வரக்கூடாதுன்னுதான்" என்றார். பேசினவர்களில் முதல் ஆள் அவர்தான் என்று நான் சொல்லவில்லை. கடலைமாவு டப்பாவை மட்டும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆ கோங் இன்று காலையில் கூப்பிட்டார். அவன் பெயரைக் கேட்டார். பிறந்த பதிவில் இருக்கிற தமிழ்ப் பெயரை அவருக்குச் சரியாகச் சொல்ல வராது, 'ழ'கரம் வேறு இருக்கிறது. போனிலேயே நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். நான்காவது தடவையும் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும், அதுவரை சின்னவனைப் போனில் கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மீன்தலைக் கறி அடுத்த வாரம், கண்டிப்பாக.