காட்டாமணக்கு எண்ணெய் பயோடீசல் ஆகாமல் கூழாகிப் போவது ஏன்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு நேயரின் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருப்பது இதுதான்: "காட்டாமணக்கு விதையை ஆட்டி 5 லிட்டர் எண்ணெய் எடுத்தேன். சமையல் எண்ணெய்க்கு நீங்கள் சொன்ன அளவிலேயே மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினேன். பயோடீசல் பிரியவே இல்லை, மொத்தமும் கூழாகிவிட்டது. எங்கே தவறு? பேசாமல் எண்ணெயை அப்படியே இன்ஜினில் ஊற்றிவிடலாமா? விமானமே இந்த எண்ணெயில் பறந்ததாகச் சொல்கிறார்களே?"

முதலில் அந்தக் கூழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சோப்பு. நீங்கள் போட்ட காஸ்டிக் சோடா எண்ணெயைப் பயோடீசலாக மாற்றுவதற்கு முன்பே, எண்ணெயில் இருந்த கட்டற்ற கொழுப்பு அமிலம் (எண்ணெய் சிதைந்து தனியாகப் பிரிந்து நிற்கும் அமிலம்) அதைப் பிடித்துக்கொண்டு சோப்பாகிவிட்டது. கடையில் வாங்கும் சுத்திகரித்த சமையல் எண்ணெயில் இந்த அமிலம் ஏறக்குறைய இருக்காது. காட்டாமணக்கு அப்படியில்லை. விதை ஈரத்தோடு கிடந்தாலோ, நசுங்கிக் கிடந்தாலோ, எண்ணெய் பல மாதம் நின்றாலோ அமிலம் ஏறிக்கொண்டே போகும். 14, 15 சதவீதம் வரை ஏறிய எண்ணெய் எல்லாம் உண்டு. 2 சதவீதத்தைத் தாண்டினாலே சோப்புத் தொல்லை ஆரம்பித்துவிடும். அதனால் ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் எண்ணெய்க்கு அப்படியே போடவே கூடாது. நான் முதலில் சமையல் எண்ணெய்க்கான அளவைச் சொன்னபோது இதையும் சேர்த்து அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் கீழே சோடா நீர் என்கிறேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கலாம் என்பதால், லேசாக இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் வரை சோடா நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைச் சரிசெய்துவிடுங்கள். அப்புறம் 1 மில்லி எண்ணெய். நிறம் உடனே போய்விடும். இப்போது சிரிஞ்சில் சோடா நீரை எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றும், சுழற்றினால் மறையும். மறையாமல் பத்துப் பதினைந்து விநாடி நின்றால் அதோடு நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பாருங்கள். அத்தனை கிராம் காஸ்டிக் சோடாவை ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கூடுதலாகப் போட வேண்டும். அடிப்படை அளவு லிட்டருக்கு 3.5 கிராம். 2 மில்லி செலவானால் 5.5 கிராம், அவ்வளவுதான் கணக்கு.

இந்த 2, 3 மில்லிக்குள் இருந்தால் நேராக வேலையில் இறங்கலாம். 15, 18 மில்லி என்று போனால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். அவ்வளவு சோடாவைப் போட்டால் மறுபடியும் கூழ்தான். அப்படிப்பட்ட எண்ணெயை முதலில் மெத்தனாலும் கொஞ்சம் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, கொழுப்பு அமிலத்தை எஸ்டராக, அதாவது பயோடீசலாகவே, மாற்றிவிட்டு, பிறகுதான் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள். ஆய்வகத்திலும் ஆலையிலும் அதுதான் வழக்கம். வீட்டில் முதன்முறை செய்பவருக்கு அடர் கந்தக அமிலத்தைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாகக் காய்ந்த, உடையாத விதையைப் புதிதாக ஆட்டி, கசடு தெளியவிட்டு, அந்த எண்ணெயில் தொடங்குங்கள் என்பேன்.

தண்ணீரும் இதே அளவுக்குக் கெடுக்கும். எண்ணெயை 110, 120 டிகிரி வரை சூடாக்கினால் ஈரம் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கியதும் 55 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அதற்கு மேல் சூட்டில் மெத்தனாலைச் சேர்க்க வேண்டாம், 64.7 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். லிட்டருக்கு 200 மில்லி மெத்தனாலில் அளந்த சோடாவை முழுவதும் கரைத்து எண்ணெயில் ஊற்றி, ஒரு மணி நேரம் அதே சூட்டில் கலக்க வேண்டும். இரவு முழுக்க அசையாமல் விட்டால் அடியில் தேன் நிறத்தைவிடக் கருத்த கிளிசரின் கெட்டியாக இறங்கும், மேலே பயோடீசல் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெத்தனாலை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போனால் பார்வையே போகும், தோல் வழியாகவும் ஆவியாகவும் உடம்பில் ஏறும். அது எரிகிற தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. திறந்த வெளி, கையுறை, கண்ணாடி, பக்கத்தில் நெருப்பு இல்லாமை, இவை நான்கும் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். காட்டாமணக்கு விதையும் விஷம்தான். குழந்தைகள் கொட்டை என்று நினைத்து வாயில் போட்டு வாந்தி பேதியில் படுத்துவிடுவார்கள். புண்ணாக்கை உரமாகப் போடலாம், மாட்டுக்கு வைக்கவே கூடாது.

பிரித்த பயோடீசலை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவ வேண்டும். முதல் கழுவலில் குலுக்காதீர்கள், மெல்லத் தூவி விடுங்கள். குலுக்கினால் மிச்சமிருக்கும் சோப்பு எல்லாவற்றையும் பால் மாதிரி ஆக்கிவிடும். அடியில் இறங்கும் தண்ணீர் தெளிவாகும் வரை மூன்று நான்கு முறை. பிறகு ஈரம் போகச் சூடாக்கி ஆறவிட்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பின்னால் அச்சடித்த தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து மங்காமல் தெரிந்தால் ஈரம் போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே எண்ணெய் முழுவதும் மாறிவிட்டது என்று ஆகாது. அதற்கு 27 மில்லி மெத்தனாலில் இந்தப் பயோடீசலை 3 மில்லி விட்டுக் கலக்குங்கள். முழுக்கக் கரைந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வேலை பாதியில் நிற்கிறது.

இப்போது இரண்டாவது சந்தேகம், எண்ணெயை அப்படியே ஊற்றலாமா என்பது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஒரு டீசல் இன்ஜின் ஓடியது உண்மைதான். உங்கள் இன்ஜினும் ஓடும், முதல் நாள் ஒன்றுமே தெரியாது. ஆனால் காட்டாமணக்கு எண்ணெய் டீசலைப்போல ஏறக்குறைய 10 மடங்கு கெட்டி. நாசிலில் பனி மாதிரி தெளிக்க வேண்டியது, தாரையாக விழும். சரியாக எரியாமல் நாசில் முனையில் கரி பூக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலைத் தடித்துப்போகச் செய்யும். மிச்சம் பிடித்த டீசல் காசெல்லாம் இன்ஜினைப் பிரிப்பதில் போய்விடும். இந்தக் கெட்டித்தன்மையைக் குறைப்பதற்காகத்தான் மேலே சொன்ன அத்தனை வேலையும்.

விமானம் பறந்ததும் உண்மை. 2008 டிசம்பர் 30-இல் ஏர் நியூசிலாந்தின் போயிங் 747 ஒன்று, தன் நான்கு இன்ஜின்களில் ஒன்றில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து பறந்தது. ஆனால் அது பயோடீசல் இல்லை. எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு பக்குவப்படுத்தி, மண்ணெண்ணெயைப் போன்ற பொருளாகவே மாற்றியிருந்தார்கள். நம் டிரம்மில் நடக்கிற வேலை அதுவல்ல.

நல்ல பயோடீசல் கையில் வந்த பிறகும் டேங்கை அதனாலேயே நிரப்பிவிடாதீர்கள். டீசலோடு 5 சதவீதம், 10 சதவீதம் என்று ஆரம்பித்து, பழைய வகை இன்ஜினாக இருந்தால் 20 வரை போகலாம். புகை குறையும், கந்தகம் கிட்டத்தட்ட இல்லை, பம்புக்கு வழுவழுப்பும் கிடைக்கும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயு மட்டும் கொஞ்சம் கூடலாம். எடைக்கு எடை வெப்பம் டீசலைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு என்பதால், கலப்பு கூடக்கூட எரிபொருள் சற்று அதிகம் செலவாகும். புகைக்கரி வடிகட்டி பொருத்திய புது வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

கடைசியாக, பலரையும் பயமுறுத்தும் ஒரு விஷயம். பயோடீசல் ஊற்றிய சில நாளில் இன்ஜின் இழுக்காமல் திணறும். எரிபொருள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பல நேரம் காரணம் வேறு: பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வந்து பில்டரில் அடைத்திருக்கும். அதனால் மாற்று பில்டர் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறி மெத்தென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். செய்த பயோடீசலை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காமல் பயன்படுத்திவிடுங்கள், அதுவரை காற்றும் வெயிலும் படாமல் டிரம்மை நிரப்பி மூடி வையுங்கள். மேலே சொன்ன அமிலச் சோதனையில் உங்களுக்கு எத்தனை மில்லி வந்தது என்று எழுதுங்கள், உங்கள் எண்ணெய்க்கு அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.