சதுரப் புள்ளிகளில் ஓர் எதிர்காலம்

நண்பர்களே, வணக்கம்.

1985-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் பதிப்பகம் 'ஷாட்டர்' என்ற அறிவியல் புனைகதை காமிக்ஸைக் கொண்டுவந்தது. கதை பீட்டர் கில்லிஸ், படம் மைக் சேன்ஸ். கணினியில் வரைந்து கடைக்கு வந்த முதல் காமிக்ஸ் என்று அதைச் சொல்வார்கள். பேச்சு பெரும்பாலும் அந்த 'முதல்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. அவை நல்ல படங்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சேன்ஸின் கையில் என்ன இருந்தது? ஒரு மேக்கின்டாஷ் கணினி, பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் என்ற வரையும் மென்பொருள், ஒரு மவுஸ். திரை ஒன்பது அங்குலம்; குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. சாம்பல் நிறமே கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் வைத்துக் கண்ணை நம்பவைக்க வேண்டும். மேக்பெயின்டில் முழுப் பக்கம் ஒரே நேரத்தில் வரையும் சாளரத்துக்குள் அடங்காது. முகத்தை வரையும்போது கால் தெரியாது. மவுஸால் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கண் இமை வரைவது போல அது. வரைந்ததைப் புள்ளி புள்ளியாக அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் எடுத்தார்கள். வண்ணம் அப்புறம் பழைய முறையில் கையால் சேர்ந்தது.

இத்தனை நெருக்கடியும் படத்தில் அப்படியே தெரிகிறது. சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டு. ஆனால் கதையைப் பாருங்கள். ஒருவருடைய திறமையை, உயிரணுக்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு வழியாக எடுத்து இன்னொருவருக்கு ஏற்றும் காலம். நாயகன் தற்காலிக வேலைக்கு அமர்த்தப்பட்ட போலீஸ்காரன். மனிதனையே துண்டு துண்டாக எடுத்து விற்கும் உலகம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிய வேண்டும். வழவழப்பான தூரிகைக் கோடு அங்கே பொய்யாகியிருக்கும்.

சேன்ஸ் சீக்கிரமே விலகினார். நடுவில் சில இதழ்களைப் பேனாவில் வரைந்து, பிறகு கணினிக்குள் ஏற்றினார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. புள்ளிகள் அங்கே மேல்பூச்சாகிவிட்டன. பிறகு சார்லி அதனாஸ் மறுபடி மேக்கின்டாஷிலேயே வரைந்து, 1988-இல் பதினான்காம் இதழோடு தொடரை முடித்தார்.

1990-இல் பெப்பே மொரேனோ 'பேட்மேன்: டிஜிட்டல் ஜஸ்டிஸ்' என்ற காமிக்ஸைக் கணினியில் செய்தார். வண்ணத் திரை, முப்பரிமாண உருவங்கள், எத்தனையோ மடங்கு வலுவான கணினி. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் இன்று புரட்டினால் அதுதான் பழசாகத் தெரிகிறது. அது நிஜம் போலத் தெரிய முயன்றது. நிஜம் போலக் காட்டும் வித்தை அதற்குப் பிறகு எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. ஷாட்டர் அந்தப் போட்டிக்கே போகவில்லை.

சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறேன். ஷாட்டரின் ஒரு பக்கத்தைத் திரையில் போடுவார்கள். முதலில் பின்வரிசையிலிருந்தே பாருங்கள். பிறகு எழுந்து பக்கத்தில் வந்து, அந்த முகத்தில் விழுந்திருக்கும் நிழலை மட்டும் பாருங்கள்.