தந்தி நேற்றையது, வண்டி இன்றையது

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். விண்வெளிப் போர் நாவல்களைப் பற்றிப் பேச வருகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். ஊரே பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கிச் சம்பாதிக்கும்போது இவன் மட்டும் அண்ணாந்து பார்க்கிறானே என்ற சிரிப்பு அது. ஆனால் அந்த நாவல்களில் நான் கண்டதெல்லாம் எங்கள் வீட்டுத் தொழிலைத்தான்.

வெற்றிடத்தில் ஒலி பரவாது, வெடிச்சத்தம் கேட்காது. இது பள்ளிப் பாடம், விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்த சிக்கல் ரேடியேட்டர். லாரி எஞ்சினின் சூட்டை ரேடியேட்டர் வாங்கிக்கொள்கிறது. விசிறி இழுக்கும் காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது. விண்வெளியில் ஏது காற்று? எஞ்சின் சூடு, ஆயுதத்தின் சூடு, ஆட்களின் உடற்சூடு எல்லாம் ஃபிளாஸ்க்கில் ஊற்றிய காப்பிபோல உள்ளேயே நிற்கும். கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். அதற்காகக் கப்பல் பெரிய பெரிய தகடுகளை விரிக்க வேண்டும். சுற்றிலும் கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரிக் குளிர்; அதில் இந்தத் தகடுகள் அகச்சிவப்புக் கருவிக்கு விளக்குபோலத் தெரியும். ஆகவே "கும்மிருட்டில் பதுங்கியிருந்த கப்பற்படை" என்று ஒரு நாவல் தொடங்கினால் அந்த எழுத்தாளர்மீது எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பிரேக்கும் கிடையாது. வேகமெடுக்க எரித்ததுபோல, நிற்கவும் எரித்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது தூரம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அப்படிப் போயும் சூரியனிலிருந்து நம்மிடம் வந்து சேர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. செவ்வாயிலிருந்து வர, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடமும் ஆகலாம், 22 நிமிடமும் ஆகலாம். அங்கே நிற்கும் எதிரிக் கப்பல் திரும்புவதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், அது திரும்பி முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு 1980களின் ஒரு மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. எங்கள் ரிக் ராய்ப்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அது மத்தியப் பிரதேசம். பாறையை உடைத்துத் துளைக்கும் ஹேமர் உடைந்துவிட்டதாக வண்டி மேனேஜரிடமிருந்து தந்தி வந்தது. அப்பா அன்றே புது ஹேமர் வாங்கி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, சங்ககிரியிலிருந்து வடக்கே போகும் லாரியில் ஏற்றிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். சட்டையில் ஒட்டிய கிரீஸ் கடைசிவரை போகவில்லை. நான்கு நாள் கழித்து ஹேமர் ராய்ப்பூரில் இறங்கியபோது அங்கே வண்டி இல்லை. மேனேஜர் நம் ஊர்க்காரர் ஒருவரின் ரிக்கிலிருந்து ஹேமரைக் கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டு, பிலாஸ்பூருக்குப் போய்விட்டார். டிரங்கால் என்ற வெளியூர் போன் கிடைத்து விஷயம் தெரிந்தபோது அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "தந்தி நேற்றையது கண்ணு, வண்டி இன்றையது" என்றார்.

அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஜாக் கேம்பல் என்ற புனைபெயரில் 2006 முதல் எழுதிய 'தி லாஸ்ட் ஃப்ளீட்' வரிசையைப் படித்தபோது அந்த ஹேமர்தான் கண்முன் வந்தது. எதிரியின் எல்லைக்குள் வெகுதூரம் போய் மாட்டிக்கொண்ட ஒரு கப்பற்படை வீடு திரும்பும் கதை. தளபதி திரையில் பார்ப்பதெல்லாம் பழைய காட்சி. எதிரி மூன்று ஒளிமணி தூரத்தில் இருந்தால் மூன்று மணி நேரப் பழசு. தளபதி இடும் கட்டளையும் தாமதமாகத்தான் தன் கப்பல்களுக்கே போய்ச் சேரும். சண்டைக் காட்சிகளைவிட எனக்குப் பிடித்தவை அந்தப் படையோடு வரும் பட்டறைக் கப்பல்கள். கனிமங்களை வாங்கி எரிபொருளும் ஏவுகணையும் செய்து தருபவை. மெதுவாகத்தான் நகரும், அதனால் போர்க்கப்பல்களுக்கு அவற்றின்மேல் எரிச்சல். ரிக்குக்குப் பின்னால் கேசிங் பைப்பும் டீசலும் ஏற்றிக்கொண்டு திணறி வரும் துணை லாரியை வைகிற டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த லாரி வராவிட்டால் ரிக் வெறும் இரும்பு.

நமக்கு இது புதிதும் இல்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. அந்த வீரத்துக்குப் பின்னால் இருந்தது நிலக்கரிப் பஞ்சம். பிடித்த சரக்குக் கப்பல்களின் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் அது ஓடியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியது. அதற்குள் அங்கிருந்து செய்தி போய்விட, ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து முடித்துவைத்தது. போரை ஆநிரை கவர்வதிலிருந்து, வெட்சியிலிருந்து தொடங்கிய நம் இலக்கணக்காரர்களுக்கு எதிரியின் கையிருப்பில் முதலில் கைவைக்கும் கணக்கு தெரிந்துதான் இருந்தது.

இன்னொரு நாவலையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974இல் எழுதிய 'தி ஃபாரெவர் வார்'. ஒளியை நெருங்கும் வேகத்தில் போகிறவனுக்குக் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. போர்வீரனுக்குச் சில ஆண்டுகள் கழிவதற்குள் பூமியில் நூற்றாண்டுகள் போய்விடுகின்றன. திரும்பி வந்தால் மொழிகூட மாறிக்கிடக்கிறது. எங்கள் ஊரில் வைகாசி விசாகத் தேருக்கு ரிக் ஆட்கள் ஊர் திரும்புவார்கள். எங்கள் வீதியில் ஒருவர் பத்து மாதம் கழித்து வந்து, தேர்க்கடையில் வாங்கிய பலூனை நீட்டியபடி வாசலில் நிற்கிறார். அவருடைய குழந்தை யாரோ வந்துவிட்டார்கள் என்று பாட்டியின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. அவர் பலூனைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். ஹால்ட்மனின் நாயகன் ஊர் திரும்பும் பக்கங்களை நான் அந்தத் திண்ணையில் வைத்துத்தான் படிக்கிறேன்.

நானும் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். வியாழன் கோளுக்கு அப்பால் நிற்கும் ஒரு படை, அதற்கு ஒரு மேனேஜர், ஊர் பரமத்தி. நாற்பது பக்கம் வந்திருக்கிறது. படித்துப் பார்த்த நண்பர் சண்டை எப்போது வரும் என்று கேட்டார். டீசல் வந்ததும் வரும் என்றேன்.

வணக்கம்.