எது எதை மறைக்கிறது? ஹென்றி ஃபியூக்ஸின் வடிவியல்

[திரை: கருப்புப் பின்னணியில் வளைந்து மூடிய ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே, கொஞ்சம் வேறு வடிவில், இன்னொன்று.]

இந்த இரண்டு கோடுகளும் ஒரே உறுப்பின் ஓரங்கள். சிடி ஸ்கேன் உடலை அடுக்கடுக்காகத்தான் தருகிறது. ஓர் அடுக்குக்கு ஒரு படம். படத்தில் உறுப்பின் ஓரத்தை வரைந்துவிடலாம். ஆனால் இந்த அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் உறுப்பு எப்படி வளைந்து போகிறது? ஸ்கேன் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தது 1971இல், லண்டனில். ஆறு வருடம் கழித்து, 1977இல், இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழியைச் சொன்னார்கள் ஹென்றி ஃபியூக்ஸ், ஸ்வி கெடெம், சாமுவேல் யூசெல்டன் என்ற மூவர். நாம் பார்க்கப்போவது ஃபியூக்ஸை. கணினி வரைகலை ஆய்வாளர், 1948இல் ஹங்கேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1975இல் முனைவர் பட்டம், டல்லாஸில் கொஞ்ச காலம், 1978 முதல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் பேராசிரியர். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும், கணக்குக்கு வருவோம்.

[திரை: இரண்டு கோடுகளிலும் புள்ளிகள் முளைக்கின்றன. நடுவில் முக்கோணங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

மேல்கோட்டில் சில புள்ளிகள், கீழ்க்கோட்டில் சில புள்ளிகள். நடுவே முக்கோணங்களை ஒட்டிக்கொண்டே போனால் ஒரு தோல் கிடைத்துவிடும். ஒரு முக்கோணம் ஒட்டியதும் அடுத்ததற்கு இரண்டே வழிதான்: மேலே ஒரு புள்ளி நகரலாம், அல்லது கீழே ஒரு புள்ளி நகரலாம். கேட்க எளிது. ஆனால் மேலே 10, கீழே 10 புள்ளிகள் இருந்து, தொடங்கும் இடத்தையும் முடிவு செய்துவிட்டால்கூட, ஒட்டுவதற்கு 1,84,756 வழிகள் உண்டு. பெரும்பாலானவை கசங்கிய துணி மாதிரி இருக்கும்.

[திரை: ஒரு கட்டம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு பாதை.]

அழகான இடம் இதுதான். மேல்புள்ளிகளை வரிசைகளாகவும் கீழ்ப்புள்ளிகளை நெடுவரிசைகளாகவும் வைத்துக் கட்டம் போடுங்கள். மேலே நகர்ந்தால் கட்டத்தில் ஒரு படி கீழே, கீழே நகர்ந்தால் ஒரு படி வலது பக்கம். ஒவ்வொரு படிக்கும் விலை, அந்த முக்கோணத்தின் பரப்பு. கசங்கல் குறைந்தால் மொத்தப் பரப்பும் குறையும். இப்போது நல்ல தோல் எது என்ற கேள்வி, மலிவான பாதை எது என்ற கேள்வியாகிவிட்டது. மலிவான பாதையைத் தேடுவது கணினிக்குப் பழகிய வேலை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கோடுகள் மூடியவை, ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்று நமக்குத் தெரியாது. 100 புள்ளிகள் இருந்தால் 100 தொடக்கங்களையும் சோதிக்க வேண்டுமா? வேண்டாம். மிக மலிவான இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கத் தேவையில்லை. அதனால் நடுவிலுள்ள தொடக்கத்துக்குப் பாதை கிடைத்ததும் கட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், மற்ற தொடக்கங்கள் அதனதன் பக்கத்துக்குள்ளேயே தேடினால் போதும். முழுக் கட்டத்தை 100 தடவை அலசும் உழைப்பு ஏழெட்டு தடவைக்குச் சுருங்குகிறது.

இந்த வழி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஓர் அடுக்கில் ஒற்றையாக இருக்கும் ரத்தக்குழாய் அடுத்த அடுக்கில் இரண்டாகக் கிளைத்தால், எதை எதோடு ஒட்டுவது என்பதை இந்தக் கட்டம் சொல்லாது. ஆனாலும் எனக்கு அவருடைய வேலைகளில் மிகப் பிடித்தது இதுதான்.

[திரை: அறை ஒன்றின் மேல்பார்வை. சுவர்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

சரி, தோல் கிடைத்தது. அதைத் திரையில் காட்ட வேண்டும். எந்த முக்கோணம் எதை மறைக்கிறது? பார்ப்பவர் தலையைத் திருப்பினால் பதில் மாறும். ஃபியூக்ஸ், கெடெம், புரூஸ் நெய்லர் மூவரும் 1980இல் சொன்ன வழி: ஒரு முக்கோணத்தையோ சுவரையோ எடுத்து, அதன் தளத்தை எல்லாப் பக்கமும் நீட்டி, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னால், பின்னால் என்று பிரித்துவிடு. குறுக்கே நிற்பதை இரண்டாக வெட்டு. ஒவ்வொரு பகுதியிலும் இதையே திரும்பச் செய். முடிவில், கிளை கிளையாகப் பிரியும் ஒரு பட்டியல், அதாவது ஒரு மரம் கிடைக்கும். மரத்தை ஒரே ஒரு தடவை கட்டினால் போதும், கண் எங்கே இருந்தாலும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரிசை தானாக வரும். 1993இல் வந்த டூம் என்ற வீடியோ விளையாட்டு, அன்றைய சாதாரணக் கணினியில் அவ்வளவு வேகமாக ஓடியதற்கு இந்த மரமும் ஒரு காரணம்.

இடையில் ஃபியூக்ஸ் குழுவினர் பிக்ஸல் பிளேன்ஸ் என்று சொந்தமாக வன்பொருளே செய்தார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்ஸலுக்கும், ஒரு குட்டிக் கணக்கி. முக்கோணத்தின் ஓரம் ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு, நான் உள்ளேயா வெளியேயா என்று எல்லாப் பிக்ஸல்களும் ஒரே நேரத்தில் கணக்குப் போடும். அது தனி வீடியோவுக்கான சரக்கு.

[திரை: படுத்திருக்கும் கர்ப்பிணியின் கோட்டோவியம். அருகே கேமரா பொருத்திய தலைக்கருவி அணிந்த ஒருவர்.]

1992. அல்ட்ராசவுண்ட் பார்க்கும் மருத்துவரின் கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். கை வயிற்றின் மேல், கண் பக்கத்துத் திரையில். இரண்டையும் மனசுக்குள் பொருத்திக்கொள்வது அவர் பாடு. மைக்கேல் பஜூரா, ஃபியூக்ஸ், ரியூட்டாரோ ஓபுச்சி மூவரும் அந்தப் படத்தை வயிற்றுக்குள், அது இருக்க வேண்டிய இடத்திலேயே காட்டப் பார்த்தார்கள். தலை எங்கே, ஸ்கேன் கருவி எங்கே என்று சென்சார்கள் சொல்லும். தலையிலுள்ள கேமரா காட்டும் காட்சிமேல் கணினி அல்ட்ராசவுண்டைப் பதிக்கும்.

பதித்தார்கள். குழந்தை உள்ளே தெரியவில்லை, தோலின் மேல் ஒட்டின படம் மாதிரி மிதந்தது! கணக்கில் பிழையில்லை. நம் மூளைக்கு ஒரு பிடிவாதம்: எது மறைக்கிறதோ அதுதான் முன்னால் இருக்கிறது. படம் தோலை மறைத்தது, ஆகவே படம் தோலுக்கு முன்னால் இருக்கிறது என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1980இன் அதே கேள்வி, இந்தத் தடவை மனிதத் தலைக்குள்ளிருந்து திரும்பி வந்திருக்கிறது.

அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் எளியது. வயிற்றில் ஒரு குழி இருப்பது போல, சுவர்களோடு வரைந்தார்கள். குழியின் விளிம்பு படத்தின் ஓரத்தை மறைக்க, படம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

[திரை: ஊசியும், அதை நோக்கி நகரும் ஒரு மாதிரி உருவமும்.]

அப்புறம் ஃபியூக்ஸ் குழுவினர் மார்பகக் கட்டியில் ஊசியால் திசு எடுப்பதற்கு இதைத் தயார்ப்படுத்தினார்கள். இங்கே சில மில்லிமீட்டர் தவறினாலும் ஊசி கட்டியில் படாது. காந்தப்புலத்தை வைத்து இடத்தைச் சொல்லும் சென்சார்களோ, பக்கத்தில் இரும்பு இருந்தாலே தடுமாறும். 1996இல் அவர்கள் வெளியிட்ட திருத்தத்தில், காட்சிக்குள் சில வண்ணப் புள்ளிகளை ஒட்டி வைத்தார்கள். சென்சார் தோராயமாக இடத்தைச் சொல்லும், கேமரா புள்ளிகளைப் பார்த்து மிச்சப் பிழையைச் சரிசெய்யும். ஒரு மருத்துவர் அந்த அமைப்பை மார்பக மாதிரிகளில் ஊசியோடும், மனிதர்களிடம் ஊசி இல்லாத பரிசோதனையிலும் பயன்படுத்திப் பார்த்தார். ஃபியூக்ஸ் குழு அடுத்ததாகக் கையில் எடுத்தது, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைசிகிச்சையை.